ஊதாச் சாயம் ஏறிய கால்கள்

ஞானோபதேச வகுப்பில் என்னோடு கோணிப்பை மேல் உட்கார்ந்து வளர்ந்தவர்கள் நம் பங்கில் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறீர்கள். முட்டிவலி வந்து, பூசைக்குப் போனால் முதலில் பிளாஸ்டிக் நாற்காலியைத் தேடுகிறவர்களாக ஆகிவிட்டோம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். யார் மனதாவது புண்படுமோ, யாராவது சாமியாரிடம் கொண்டுபோய்க் காட்டுவார்களோ என்று எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். இந்தத் தாளை மட்டும் கிழிக்கவில்லை. போன வாரம் என் போனில் வந்த ஒரு குரல்தான் காரணம்.

பங்குப் பேரவையில் இருக்கிற சின்னப் பெண் அனுப்பியது. தங்கமான பிள்ளை, அதில் குறை சொல்ல மாட்டேன்.

"ஆன்ட்டி, பெரிய வியாழனுக்குப் பாதம் கழுவுறதுல இந்த வருஷம் லேடீஸும் உண்டு. சீனியர் சிட்டிசன்ல உங்க பேரைச் சொல்லியிருக்கோம். ஒண்ணே ஒண்ணு ஆன்ட்டி, வரும்போது கால் மட்டும் நல்லா க்ளீன் பண்ணிட்டு வந்துடுங்க. முடிஞ்சா பார்லர்ல ஒரு பெடிக்யூர் பண்ணிக்கோங்க. யூட்யூப்ல லைவ் போகுது, காலைக் கிட்டத்துல காட்டுவாங்க."

கேட்டு முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன். எழுந்து போய் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மருமகள் பயந்துபோய், "இன்னா அத்தே, பிரஷரா?" என்றாள். பினாயில் வாசனை என்றேன். எங்கள் வீட்டில் அன்றைக்கு யாரும் பினாயில் ஊற்றவில்லை.

நமக்கு அப்போது பத்து வயசு இருக்கும். சைதாப்பேட்டைப் பாலத்துக்கு அந்தாண்டை ஆற்றங்கரையில் நம் குடிசைகள், மேட்டுத் தெருவில் கோயில். தவக்காலம் வந்தால்தான் மேட்டுத் தெருவுக்கு நம் ஞாபகம் வரும். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கின கையோடு மாதர் சங்கம் கரைக்கு இறங்கி வரும். முன்னால் வருகிறவர்தான் தலைவியம்மா, ஆடிட்டரின் மனைவி. வெள்ளைப் புடவை, கழுத்தில் நீலப் பட்டையில் கோத்த பதக்கம், மூக்கின் மேல் முந்தானை. ஆறு நாறியது உண்மைதான். செத்த எருமை மிதந்து போனதை நாம் கல்லெறிந்து விளையாடியிருக்கிறோம். ஆனால் அந்த நாற்றத்தில் உட்கார்ந்துதான் நாம் சோறு தின்றோம். நாம் தட்டில் கைவைத்திருக்கும்போதே எதிரில் நின்று மூக்கை மூடிக்கொண்டு, "சாப்பிடு கண்ணு, சாப்பிடு" என்பார்கள்.

அவர்கள் கொண்டுவருவது பழைய துணி மூட்டை. பாச்சை உருண்டை வாசனைக்கு அடியில் இன்னொருவர் அக்குள் வாசனை இருக்கும். எனக்கு ஒருமுறை ரோஸ் நிறத்தில் ஒரு கவுன் வந்தது. நெஞ்சில் யாரோ ஒரு குழந்தை கக்கி வைத்த மஞ்சள் கறை. அம்மா எத்தனை அடித்துத் துவைத்தும் போகவில்லை. அதைத்தான் உயிர்த்த ஞாயிறுக்குப் போட்டுக்கொண்டேன். பூசை முழுக்கக் குனிந்து அந்தக் கறையை மோந்துகொண்டே இருந்தது இப்போதும் நினைவிருக்கிறது. அவர்கள் அதற்கு ஒறுத்தல் முயற்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர்கள் வேண்டாமென்று ஒறுத்ததெல்லாம் நம் உடம்பில் வந்து ஏறியது.

என் அம்மா அந்த ஆடிட்டர் வீட்டில்தான் பாத்திரம் தேய்த்தாள். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கறி ஆகாது அல்லவா, அதனால் அங்கே வஞ்சிர மீன் பொரியும். பாவம் வராது, மீன் கறியில் சேர்த்தியில்லை. நமக்கோ தலைக்கறியோ குடலோ கிடைக்கிற நாள் வெள்ளியாகப் போனால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டும். அம்மா சாயங்காலம் வந்து கையை மோந்து பார்த்துக்கொண்டு சொல்வாள்: "சுத்தபோசனம்னு சொல்லிக்கினு எப்பிடி ஏப்பம் வுடுதுங்க தெரியுமா? பாத்திரத்துல ஒட்டினு கீற எண்ணெயை வெச்சே நான் ஒரு வாரம் தாளிப்பேன்."

அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனாவுக்கு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சாயப்பட்டறையில் வேலை. லுங்கிக்குப் போகிற நூலுக்குச் சாயம் ஏற்றுவார்கள். முழங்கை வரைக்கும் ஏதாவது ஒரு நிறம் இருந்துகொண்டே இருக்கும். கையைப் பார்த்தாலே அன்றைக்குத் தொட்டியில் பச்சையா நீலமா என்று சொல்லிவிடலாம். சனிக்கிழமை சாராயம், ஞாயிற்றுக்கிழமை பூசை. பூசைக்கு வந்தாலும் வாசல்படியோடு சரி. நம் ஆட்கள் பின்னால் இடது பக்கம் தரையில் உட்காருவார்கள். பீடத்துக்கு முன்னால் இருந்த மரக் கிராதி உங்களுக்கு நினைவிருக்கும். நற்கருணை வாங்க அதன் வெளியே முழங்கால் போடலாம். அதற்கு உள்ளே நம் ஆட்கள் ஒருவர்கூடப் போனதில்லை. போகக் கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை. சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

ஆண்டவர் தம் பன்னிரண்டு சீடர்களுக்குச் செய்த மாதிரி, உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின பெரிய வியாழன் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவி முத்தம் வைப்பார் அல்லவா. அந்த வருஷம் புதிதாக வந்த சாமியார், பாதம் கழுவப் பெரிய மனிதர்களைக் கூப்பிடாமல் ஏழைகளைக் கூப்பிட வேண்டும் என்று பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். ஏழைகளைப் பொறுக்கும் வேலையைத் தலைவியம்மா எடுத்துக்கொண்டார். ஒருநாள் சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"உன் வீட்டுக்காரனைப் போடலாம்னு இருக்கேன்" என்று அம்மாவிடம் சொன்னார். "ஆனா தவக்காலம் முடியுற வரைக்கும் ஒரு சொட்டு குடிக்கக் கூடாது. ஃபாதர் குனிஞ்சு முத்தம் குடுப்பார். வாசனை வந்துதோ, நானே எழுப்பி விட்டுடுவேன்."

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த நைனா எச்சில் கையோடு எழுந்து வந்தார்.

"கிராதிக்கு உள்ளயாம்மா குந்த வைப்பீங்க?"

"ஆமாம்பா. பீடத்துக்குப் பக்கத்துல, பெஞ்சு போட்டு."

நைனா அந்தக் கையாலேயே அவரைக் கும்பிட்டார். 

அன்றிலிருந்து சாராயத்தைத் தொடவில்லை. முதல் வாரம் பார்க்கப் பயமாக இருந்தது. கை நடுங்கும், சோறு இறங்காது, வேர்வையில் பாய் நனைந்துவிடும். கூட்டாளிகள் விடுவார்களா? சாராயக் கடைப் பக்கம் தாண்டும்போதெல்லாம் கூப்பிடுவார்கள்.

"இன்னா மாமா, சாமியாராப் பூட்டியாமே?"

"வா மச்சி, ஒரு கிளாஸ் ஊத்திக்கோ. வாயில வேணாம், கால்ல ஊத்தறோம். நாங்களும் கயுவுன மாதிரி இருக்கும்."

நைனாவும் சிரித்துக்கொண்டே, "மொதல்ல ஒன் மூஞ்சியக் கயுவுடா" என்று சொல்லிக்கொண்டு வந்துவிடுவார். எனக்குத்தான் நிம்மதி இல்லை. பிறந்ததிலிருந்தே நான் எதையாவது நினைத்துப் பயப்படுகிறவள். சாயங்காலம் நைனா வந்ததும் பக்கத்தில் போய் நிற்பேன். எதற்கு நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியும். குனிந்து என் மூக்கில் ஊதிக் காட்டுவார். "இந்தா, மோந்துக்கோ. திருப்தியா?" வெறும் பீடி வாசனைதான் வரும். அப்புறமும் பயம்தான். பெஞ்சில் தூங்கி விழுந்தால்? சாமியார் தொட்டதும் கூச்சத்தில் காலை உதறினால்? வேட்டி அவிழ்ந்துவிட்டால்? கால் எப்படி இருக்கும் என்று மட்டும் நான் யோசிக்கவேயில்லை.

தவக்காலத்தின் கடைசி வாரங்களில் கோயிலில் மாதா, புனிதர்கள் சுரூபங்களையெல்லாம் ஊதாத் துணியால் மூடுவார்கள். அந்த வருஷம் பழைய துணிகளைக் கரப்பான் அரித்துப் பொத்தல் பொத்தலாக ஆக்கியிருந்தது. கோயில் வேலையெல்லாம் பார்க்கிற கோயில்பிள்ளை அதை உதறியபோது கரப்பான் முட்டை கொட்டியது. புதுத் துணிக்குச் சாயம் ஏற்றித் தருகிறேன் என்று நைனாவே போய்ச் சொன்னார். பட்டறை முதலாளி ஒரு பாய். "கோயிலுக்குத்தானே, ஞாயித்துக்கிழமை தொட்டி சும்மாத்தான் கெடக்கு, எடுத்துக்கோ" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

நான் சோற்றுத் தூக்கோடு போயிருந்தேன். கனத்த காடாத் துணி, ஆள் உயரச் சுரூபத்தைத் தலையோடு மூடுகிற நீளம். கம்பால் கிளறினால் புரளவில்லை. ஓர் இடத்தில் ஏறி இன்னோர் இடத்தில் திட்டுத் திட்டாக நின்றது. நைனா சாயம் கொஞ்சம் ஆறும் வரை பார்த்தார், லுங்கியைத் தூக்கிக் கட்டினார், தொட்டிக்குள் இறங்கிவிட்டார். சூடு தாங்காமல் காலை மாற்றி மாற்றி வைத்துத் துணியை மிதித்தார். வெளியே வந்தபோது கணுக்காலுக்கு மேல் வரை ஊதா. வெடிப்பிலும் நகக்கண்ணிலும் ஏறியது இன்னும் கறுப்பாகத் தெரிந்தது.

"நைனா ஊதா சாக்ஸ் போட்டுக்கினு கீறாரு" என்று நான் சிரித்தேன்.

"நகத்துல ஏறினது நகம் வளந்து வெட்டினாத்தான் போவும்" என்று அவரும் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு கோயில் முழுக்க அந்தத் துணி. அந்த நாட்களில் வாசல்படியை விட்டு உள்ளே வந்த நைனா, சிலுவைப்பாதைக்கு முழங்கால் போடும்போதெல்லாம் என் தோளை இடித்து, மூடிய சுரூபத்தைக் கண்ணால் காட்டுவார். சாமியாரும் நல்ல நிறம் என்று சொன்னாராம்.

இனி அந்தப் பெரிய வியாழன். கோயிலுக்குப் பின்னால், கக்கூசுக்கும் சாமான் அறைக்கும் நடுவில் ஒரு குழாயடி உண்டு. வெயில் தாழ்கிற நேரத்தில் அங்கே பன்னிரண்டு பேரையும் வரிசையாகக் குந்த வைத்திருந்தார்கள். பூசையில் சாமியார் கழுவப்போகிற கால்களை அதற்கு முன்னால் ஒருதரம் கழுவிவிட வேண்டுமாம். எந்த செபப் புத்தகத்திலும் இல்லாத சடங்கு, நம் மாதர் சங்கம் கண்டுபிடித்தது. சங்கத்து அம்மாக்கள் கையால் தொடவில்லை. தேய்க்கிற வேலை என் அம்மாவுக்கும் இன்னொரு வீட்டு வேலைக்காரிக்கும். தலைவியம்மா எட்ட நின்று கைக்குட்டைக்குள்ளிருந்து பேசினார். பக்கெட் தண்ணீரில் பினாயில் வெள்ளையாகக் கரைந்திருந்தது. தேங்காய் நார், செங்கல் துண்டு. ஒவ்வொரு காலிலிருந்தும் வழிந்த அழுக்கு, வேடிக்கை பார்த்து நின்ற பிள்ளைகள் எங்கள் பக்கமாக ஓடிவந்து கக்கூஸ் சாக்கடையில் இறங்கியது. அந்த வாசனையோடு உள்ளே பீடத்துக்குக் கட்டிய மல்லிகை வாசனையும் சேர்ந்து வந்தது. இன்றைக்கு வரைக்கும் நான் மல்லிகை வைத்துக்கொள்வதில்லை.

நைனாவின் முறை வந்தது. சலவை வேட்டியை மடித்துக் காலை நீட்டினார்.

"என்னப்பா இது கால்? கழுவவே மாட்டியா?" என்றார் தலைவியம்மா.

"அயுக்கில்லம்மா, சாயம். நம்ம கோயில் துணிதாம்மா. சுரூபத்துக்குப் போட்டுக்கீதே, அந்தச் சாயம்."

"எதுவா இருந்தா என்ன? நல்லாத் தேய்."

அம்மா நாரால் தேய்த்தாள். அப்புறம் செங்கல்லால். சோப்பு நுரை ஊதாவாக வழிந்ததைப் பார்த்து, "பார், போறது" என்றார் தலைவியம்மா. அம்மாவும் அதை நம்பினாள். எப்படியாவது அந்த பெஞ்சில் நைனா உட்கார வேண்டும் என்ற ஆசை அவளுக்கு. நைனாவும் பல்லைக் கடித்துக்கொண்டு, "தேய் மே, இன்னும் அயுத்தித் தேய்" என்றார். கோயில்பிள்ளை கக்கூசுக்குப் போடுகிற பிளீச்சிங் பவுடரைக் காகிதத்தில் அள்ளிக்கொண்டு வந்தார். அது வெடிப்புக்குள் இறங்கியதும் நைனாவின் உடம்பு ஒருதரம் தூக்கிப் போட்டது. "கூச்சமா கீதுமா" என்று சிரித்தார். செங்கல்லை அம்மா கையிலிருந்து வாங்கித் தானே தேய்க்க ஆரம்பித்தார். குதிகாலில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. ஊதா அப்படியே இருந்தது.

தலைவியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சீ, ரத்தம் வேற. இதுல போய் ஃபாதர் எப்படி வாய் வைப்பார்? விடு, விடு. வேற ஆள் பாத்துக்கலாம். அடுத்த வருஷம் உட்காருப்பா."

நைனா எழுந்திருக்கவில்லை. "காஞ்சதும் நின்னுடும்மா" என்றார். "சாராயம் தொடலம்மா. வேணும்னா ஊதிக் காட்டட்டா?"

என்னிடம் ஊதிக் காட்டின மாதிரியே வாயைத் திறந்தார். அந்த அம்மா கைக்குட்டையை அழுத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தார். பன்னிரண்டு பேருக்கும் கொடுக்க வைத்திருந்த ரொட்டியிலும் துண்டிலும் ஒவ்வொன்றைக் கோயில்பிள்ளையிடம் கொடுத்து, "இவனுக்கு வர வேண்டியதைக் குடுத்து அனுப்பு" என்றார். அதற்குத்தான் வந்தான் என்று நினைத்திருப்பார் போல.

பூசையில் நைனா இடத்தில் ஆடிட்டர் உட்கார்ந்தார். காரிலிருந்து இறங்கி, ஷூவையும் சாக்ஸையும் கழற்றி நேராகக் கிராதிக்கு உள்ளே போனார். ஊறின ரொட்டி மாதிரி வெளுத்த கால். விரலிடுக்கில் பவுடர். பிரசங்கத்தில் ஏழைகள் என்று சொன்ன சாமியார், அந்தக் காலுக்கு முன்னால் வந்ததும் நிமிர்ந்து ஆளைப் பார்த்தார். ஒரு விநாடிதான். அப்புறம் தண்ணீரை ஊற்றினார், துடைத்தார், குனிந்து முத்தம் வைத்தார். அவருக்குப் புரிந்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன். புரிந்தும் கேட்கவில்லை. அந்தத் தலைவியம்மாவைவிட அந்த ஒரு விநாடிதான் எனக்கு இன்றைக்கும் அதிகம் குமட்டுகிறது.

பூசை முடிந்து நற்கருணையைப் பக்கப் பீடத்துக்குப் பவனியாகக் கொண்டுபோனார்கள். கூட்டம் மொத்தமும் பாடிக்கொண்டு பின்னால் போனது. வாசலில் நின்ற நைனா உள்ளே வந்தார். நேராக நடந்து கிராதியைத் தாண்டிக் காலியான பெஞ்சில் உட்கார்ந்தார். போட்டோவுக்கு உட்காருகிற மாதிரி இரண்டு கையையும் முட்டி மேல் வைத்துக்கொண்டார். பெஞ்சுக்கு முன்னால் ஆடிட்டர் வீட்டு வெள்ளை மேசைவிரிப்பை நீளமாக விரித்திருந்தார்கள். அதன் மேல் இரண்டு காலும்.

பீடத்துத் துணிகளை எடுக்க வந்த கோயில்பிள்ளை, "எந்திரிப்பா, பெஞ்சைத் தூக்கணும்" என்றார்.

"தூக்கு, தூக்கு. சும்மா குந்திப் பாத்தேன்."

வீட்டுக்கு நடக்கும்போது கால் நொண்டியது. அம்மா தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். சாராயக் கடைக் கூட்டாளிகள் அதைப் போதைத் தள்ளாட்டம் என்று நினைத்துக்கொண்டு, "பெரிய வியாயன்கூட வுடல பாரு" என்று சிரித்தார்கள்.  அம்மாதான் வழியெல்லாம் புலம்பினாள்: "அந்தக் காலத்துப் பன்னெண்டு பேரும் கொயாயடில பினாயில் ஊத்திக் கயுவிக்கினா வந்து குந்தினாங்க?"

அடுத்த வாரம் அம்மா வேலை செய்கிற வீட்டிலிருந்து ஒரு மூட்டை வந்தது. அந்த மேசைவிரிப்பு. விலை உயர்ந்ததாம். யாரோ காலால் மிதித்துக் கெடுத்துவிட்டார்களாம். உன் புருஷன் பட்டறையில் வெளுத்துத் தரச் சொல்லு என்று தலைவியம்மா கொடுத்தனுப்பியிருந்தார். யார் கால் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. பிரித்தால், ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக இரண்டு பாதம். விரல்கள் ஊதா, குதிகால் பழுப்பேறின ரத்தம்.

நைனா அதைக் கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். "அயுக்குனா போயிருக்கும்" என்றார். "இது போவாது."

வெளுக்கவில்லை. மறுபடியும் ஊதாவைக் கரைத்து முழு விரிப்பையும் முக்கி எடுத்தார். புண் ஆறாததால் இந்தத் தடவை தொட்டிக்குள் இறங்கவில்லை, கம்பால் கிளறினார். தலைவியம்மாவுக்கு முதலில் கோபம். "அடுத்த தவக்காலத்துக்கு ஆவும்மா, பெரிய சுரூபத்துக்கு நீளம் சரியா இருக்கும்" என்று நைனா சொன்னதும் சமாதானம் ஆகிவிட்டார். கோயிலுக்குக் கொடுத்ததாக ஆயிற்று அல்லவா.

நைனா அதற்குப் பிறகு பழையபடி வாசல்படியோடு நின்றுகொண்டார். உயிர்த்த ஞாயிறு அன்றே மறுபடி குடித்தார். நான் படிப்பை விட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அது அம்மா படுத்துவிட்டதால். ஆனால் அடுத்த தவக்காலம் அந்த விரிப்பு வாசல் பக்கத்துப் பெரிய சுரூபத்தின் மேல் தொங்கியது. தெரிந்தவர்கள் பார்த்தால் கீழ் ஓரத்தில் இரண்டு இடம் மட்டும் கறுப்பு தட்டித் தெரியும். பூசைக்கு வரும்போதும் போகும்போதும் தலைவியம்மா குனிந்து, அந்த ஓரத்தை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றி, முத்தம் கொடுப்பார். அம்மா என் கையைக் கிள்ளுவாள். வாசல்படியிலிருந்து நைனாவும் பார்த்திருப்பார். அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

அந்தத் துணி எப்போது போனதோ தெரியாது. கிராதியையும் எடுத்துவிட்டார்கள், கிரானைட் போட்டாயிற்று. குழாயடி இருந்த இடத்தில் கார் நிற்கிறது.

சின்னப் பெண்ணுக்கு "வரேம்மா" என்று பதில் சொல்லிவிட்டேன். கைகூப்புகிற படம் ஒன்று அனுப்பினாள். பார்லருக்குப் போகப்போவதில்லை. பஸ் ஸ்டாப்பிலிருந்து கோயில் வரை மெட்ரோவுக்குத் தோண்டிப்போட்ட சேறு எப்போதும் கிடக்கிறது. அன்றைக்குச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் வழியாக நடந்து வருவதாக இருக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. வழுக்கி இடுப்பு ஒடிந்தால்? கேமராக்காரன் ஏதாவது சொன்னால்? நடுப்பூசையில் என்னை எழுப்பி வேறு ஆளை உட்கார வைத்தால்? நேற்று ராத்திரி முழுக்க இதேதான்.

அதனால்தான் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்து முன்னால் உட்காருங்கள். தெரிந்த முகங்கள் நாலு எதிரில் இருந்தால் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பேன். கால் அழுக்காகத்தான் இருக்கும். சாமியார் கழுவட்டும்.